வாடிக்கையாளர் ஆர்எஃப்ஐடி டேக் கேட்டால்: மலையக ஸ்டோர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"அடுத்த ஓடரிலிருந்து எல்லாப் பெட்டிகளிலும் ஆர்எஃப்ஐடி டேக் இருக்க வேண்டும்" என்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு வரி வந்தால், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சரக்கை அடைத்து அனுப்பும் ஸ்டோரில் வழக்கமாக நடப்பது இதுதான்: யாராவது ஒருவர் கொழும்புக்குப் போன் போட்டு பிரின்டர் என்ன விலை என்று கேட்பார். வேலை அங்கேயே தடம் மாறிவிடும். ஆர்எஃப்ஐடி டேக் என்பது, தொடாமலே வானொலி அலையால் வாசிக்கக்கூடிய இலக்கம் கொண்ட சீட்டு. அதை ஒட்டுவது இதில் சின்னப் பங்குதான். பெட்டிக்குள் இருக்கும் பொருள், டேக்கில் எழுதிய இலக்கம், சரக்கு போய்ச் சேருமுன் நாம் அனுப்பும் மின் தகவல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வாடிக்கையாளர் கேட்பது இதைத்தான், டெபிட் நோட், அதாவது நமக்குத் தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளும் சீட்டு, வருவதும் இதில் பிசகும்போதுதான்.

இது புதிய கதையும் இல்லை. வால்மார்ட் 2003இல் தன் பெரிய விநியோகஸ்தர் 100 பேருக்கு, 2005 ஜனவரிக்குள் பெட்டிக்கும் பலட்டுக்கும் (பெட்டிகளை அடுக்கி ஏற்றும் தட்டு) டேக் ஒட்டச் சொன்னது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் அதே காலத்தில் இறங்கியது. அப்போது டேக் விலையும் அதிகம், வாசிப்பும் சரியாக வரவில்லை, ஆகவே வேகம் குறைந்தது. பிறகு ஆடைத் துறை ஒவ்வொரு உடுப்புக்கும் டேக் என்று போய் வெற்றி கண்டது. 2022இல் வால்மார்ட் வீட்டுப் பாவனைப் பொருட்கள் போன்ற வகைகளுக்கும் அதை விரித்தது. இப்போது பல்லேகலையில் உடுப்பு தைப்பவருக்கும் தேயிலையைப் பெட்டியில் அடைத்து அனுப்புபவருக்கும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

நாம் பேசப் போவது பற்றரி இல்லாத யூஎச்எஃப் (மீயுயர் அதிர்வெண்) டேக் பற்றி. உள்ளே ஒரு பொட்டுச் சிப், அதைச் சுற்றி மெல்லிய உலோக அன்டெனா. ரீடர் (வாசிக்கும் கருவி) அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்து, தன் இலக்கத்தைத் திருப்பிச் சொல்லும். தடை இல்லாத இடத்தில் பல மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்கலாம். அலுமினியமும் தண்ணீரும் குறுக்கே வந்தால் அந்தத் தூரம் சுருங்கிவிடும். மலையகத்தில் தேயிலை அனுப்புபவருக்கு இரண்டுமே தாராளமாகக் கிடைக்கும்.

படி 1: கேட்பது என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்

பெரிய வாடிக்கையாளர்களிடம் விநியோகஸ்தர் கைநூல் ஒன்று இருக்கும். அதை முழுதாகக் கேட்டு வாங்குங்கள். "டேக் பற்றிய பக்கம் மட்டும் போதும்" என்று விட்டுவிட வேண்டாம், அபராதம் பற்றிய பக்கம் பெரும்பாலும் வேறு அத்தியாயத்தில் இருக்கும். வாசித்த பிறகு இந்தக் கேள்விகளுக்குப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

டேக் எந்த மட்டத்தில்? கடையில் விற்கும் ஒவ்வொரு பக்கெட்டிலுமா, ஏற்றுமதிப் பெட்டியிலா, பலட்டிலா? சிலர் பெட்டிக்கும் பலட்டுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். டேக்கில் எந்த வகை இலக்கம் எழுத வேண்டும்? பெட்டியில் எந்தப் பக்கம், விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி ஒட்ட வேண்டும்? சிப்பைப் பூட்ட வேண்டுமா, கடவுச்சொல் போட வேண்டுமா? அனுப்பிய டேக்குகளில் எத்தனை சதவீதம் அவர்கள் பக்கத்தில் வாசிக்கப்பட வேண்டும்? மின் தகவல் எந்த வடிவத்தில், சரக்குக்கு எத்தனை மணி நேரம் முன்னால்? கலப்புப் பெட்டி, அதாவது இரண்டு மூன்று வகைத் தேயிலை ஒரே பெட்டியில் போனால், அதற்கு என்ன விதி?

டேக்கின் தரம் பற்றியும் கேளுங்கள். அமெரிக்கக் கடைத்தொடர்கள் பல, ஓபர்ன் பல்கலைக்கழக ஆர்எஃப்ஐடி ஆய்வகம் நடத்தும் ஆர்க் திட்டத்தில் தேறிய டேக் மாதிரிகளையே ஏற்கும். அப்படியானால் எந்தப் பொருளுக்கு எந்த மாதிரி என்ற பட்டியல் வாடிக்கையாளரிடமே இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று பத்தாயிரம் டேக் வாங்கி வைத்தால், அவ்வளவும் அலுமாரியிலேயே கிடக்கும்.

தொலைபேசியில் கிடைத்த பதில் பதில் ஆகாது. "நாங்கள் இப்படி விளங்கிக்கொண்டோம், சரியா?" என்று மின்னஞ்சலில் வரிசையாக எழுதி, "சரி" என்ற ஒரு சொல்லை வாங்கி வையுங்கள். அங்கே கொள்வனவு அதிகாரி மாறிப் போவார், அந்த மின்னஞ்சல் மாறாது.

படி 2: இலக்கத்தை ஒழுங்குபடுத்துங்கள்

பலர் வழுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பார்கோட் இலக்கங்களை வழங்கும் ஜீஎஸ்1 லங்காவில் பதிந்திருந்தால் உங்களுக்கு ஒரு நிறுவன முன்னொட்டு இருக்கும். இலங்கையில் வழங்கப்படுபவை 479 என்று தொடங்கும். ஆர்எஃப்ஐடிக்கும் அதே முன்னொட்டுதான், புதிதாக ஒன்று வாங்கத் தேவையில்லை. ஆனால் வாடிக்கையாளரின் சொந்தப் பெயரில் நீங்கள் தேயிலை அடைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால், பொருளின் ஜீடின் இலக்கம் (பார்கோட்டில் இருக்கும் பொருள் அடையாள எண்) அவருடையது. தொடர் இலக்கத்தை யார் ஒதுக்குவது என்று கேட்டே ஆக வேண்டும். அதே பொருளை வேறு நாட்டில் இன்னொருவரும் அவருக்கு அடைத்துக் கொடுக்கலாம், இருவரும் 1இலிருந்து தொடங்கினால் ஒரே இலக்கத்தில் உலகத்தில் இரண்டு பெட்டி இருக்கும். "உங்களுக்கு இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை" என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பார்கோட் "இது எந்த வகைப் பெட்டி" என்று மட்டும் சொல்லும். ஆர்எஃப்ஐடி இலக்கம் "அந்த வகையில் இது எந்தப் பெட்டி" என்பதையும் சொல்லும். பெட்டிகளுக்கு அதிகம் கேட்கப்படும் வடிவம் எஸ்ஜீடின்-96, அதாவது ஜீடினோடு தொடர் இலக்கமும் சேர்ந்தது. 96 பிட், எழுதினால் 24 எழுத்து. ஒரு உதாரணத்தைக் கையால் பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். ஜீஎஸ்1 பயிற்சி உதாரணங்களுக்கென்றே 952 என்ற தொடக்கத்தை ஒதுக்கியிருக்கிறது, அதையே எடுப்போம்.

பெட்டியின் 14 இலக்க ஜீடின் 19521234005688 என்று வையுங்கள். முதல் 1, இது பெட்டி என்பதைக் காட்டும் இலக்கம். அடுத்து 9521234 நிறுவன முன்னொட்டு. பிறகு 00568 பொருள் இலக்கம். கடைசி 8 சரிபார்ப்பு இலக்கம். டேக்கில் எழுதும்போது சரிபார்ப்பு இலக்கம் விடுபடும், முன்னால் இருந்த 1 நகர்ந்து பொருள் இலக்கத்தின் முன்னால் வந்து 100568 ஆகும். தொடர் இலக்கம் 1025 என்றால், டேக்கில் இருக்க வேண்டியது இது:

3056 4521 4862 3600 0000 0401

(வசதிக்காக நான்கு நான்காகப் பிரித்திருக்கிறேன். வேறு இலக்கங்களில் ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும்.)

தொடக்கத்தில் உள்ள 30, இது எஸ்ஜீடின்-96 என்பதைச் சொல்கிறது. அதன் பின் வரும் 56க்குள், டேக் எந்த மட்டத்துக்குரியது என்பதைச் சொல்லும் வடிகட்டி எண் ஒளிந்திருக்கிறது. முழு ஏற்றுமதிப் பெட்டிக்கு வடிகட்டி 2, கடையில் விற்கும் பொருளுக்கு 1. மேலே உள்ள உதாரணத்தில் தவறுதலாக 1 போட்டிருந்தால் தொடக்கம் 3036 என்று மாறியிருக்கும். மீதி எல்லாம் அப்படியே இருக்கும், ரீடரும் வாசிக்கும், ஆனால் வாடிக்கையாளரின் வாசல் ரீடர் பெட்டிகளை மட்டும் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தால் உங்கள் பெட்டி அதன் கண்ணில் படாது. உங்கள் டேக் இலக்கத்தில் வர வேண்டிய முதல் நான்கு எழுத்தை அச்சடிக்கும் இடத்தில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். எந்த மென்பொருளும் இல்லாமல் கண்ணால் பிடிக்கக்கூடிய பிழை இது.

இன்னொன்று, முன்னொட்டின் நீளம். 7 இலக்கமா, 8ஆ, 9ஆ என்று மென்பொருளில் ஒரு இடத்தில் சொல்ல வேண்டும். அதைப் பிழையாகச் சொன்னால் திரையில் இலக்கங்கள் சரியாகவே தெரியும், டேக்கில் எழுதப்படுவது வேறாக இருக்கும். ஜீஎஸ்1 தந்த சான்றிதழைப் பார்த்து நீளத்தை எண்ணிப் போடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

தொடர் இலக்கத்தில் எழுத்து வரக்கூடாது, முன்னால் பூச்சியம் வரக்கூடாது. 274,877,906,943 வரை போகலாம் என்பதால் தீர்ந்துவிடும் என்ற கவலை வேண்டாம். இரண்டு பிரின்டர் இருந்தால் ஒன்றுக்கு ஒரு மில்லியனிலிருந்து, மற்றதற்கு ஐந்து மில்லியனிலிருந்து என்று வரம்பு பிரித்துவிடுங்கள்.

பலட்டுக்கு எஸ்எஸ்சிசி என்ற அனுப்புகை இலக்கம். 18 இலக்கம், இது அனுப்புபவரின் முன்னொட்டில் வருவது, ஆகவே வாடிக்கையாளரின் பெயரில் அடைத்தாலும் இது உங்களுடையது. ஒருமுறை அனுப்பிய எஸ்எஸ்சிசியை ஒரு வருடத்துக்குள் திரும்பப் பாவிக்கக் கூடாது. என்னைக் கேட்டால் எப்போதுமே பாவிக்காதீர்கள்.

உடுப்புத் தொழிற்சாலைகளுக்கு இந்தப் படி பெரும்பாலும் இலகு. வாடிக்கையாளர் நியமித்த நிறுவனத்திடமிருந்து விலைச்சீட்டு இலக்கம் எழுதியே வந்துவிடும். அங்கே வேலை, வந்த சீட்டு சரியான உடுப்பில் தொங்குகிறதா என்று பார்ப்பது மட்டும்.

படி 3: உங்கள் பொருளோடு டேக்கைச் சோதியுங்கள்

வெறும் பெட்டியில் ஒட்டிப் பார்த்து "நல்லா வேலை செய்யுது" என்று சொல்வதில் பயன் இல்லை. கப்பலில் போகிற மாதிரியே அடைத்த பெட்டி வேண்டும்.

தேயிலைத் தூள் ஒரு தடையே இல்லை. நன்றாகக் காய்ந்த தூளில் ஈரம் சுமார் 3 சதவீதம்தான், அலை தாராளமாகப் போகும். தடை அதைச் சுற்றியிருப்பது. ஏற்றுமதிக் கடதாசிச் சாக்கின் உள்ளே அலுமினிய அடுக்கு இருக்கும். தனித்தனி உறையில் வரும் தேநீர்ப் பைகளில் பெரும்பாலும் அலுமினியம் பூசிய உறை. பரிசுத் தகரங்கள் முழுக்க உலோகம். உறை இல்லாத தேநீர்ப் பையை அட்டைப் பெட்டியில் போட்டு மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி அனுப்புபவர் அதிர்ஷ்டசாலி, அவருக்குச் சாதாரண டேக்கே போதும்.

உலோகத்தோடு ஒட்டி இருந்தால் டேக் ஊமையாகிவிடும். ஒன்றிரண்டு சென்றிமீற்றர் இடைவெளி கிடைத்தாலே பேச ஆரம்பிக்கும். ஆகவே பெட்டிக்குள் எங்கே காற்று இருக்கிறது என்று தேட வேண்டும். மேல் மடிப்புக்குக் கீழே, உள்ளே அடுக்கிய சின்னப் பெட்டிகள் முட்டாத விளிம்பு, மூலைப் பக்கம். இதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

அடைத்த பெட்டி ஒன்றின் நீளப் பக்கத்தில் பென்சிலால் மூன்றுக்கு மூன்று கட்டம் போடுங்கள். ஒன்பது இடம். பெட்டியை மர ஸ்டூலில் வையுங்கள், இரும்பு மேசையில் வேண்டாம். கையடக்க ரீடரை இரண்டு மீற்றர் தள்ளி அசையாமல் நிறுத்துங்கள். ஒரே டேக்கை ஒவ்வொரு கட்டமாக மாற்றி வைத்து, ரீடரின் சக்தியை 30 டிபிஎம்மில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறையுங்கள். எந்த எண்ணில் வாசிப்பு நிற்கிறதோ அதை அந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். எண் எவ்வளவு சின்னதோ அந்த இடம் அவ்வளவு நல்லது. 3 குறைந்தால் பாதிச் சக்தியே போதுமாகிறது என்று அர்த்தம், ஆகவே நடுக் கட்டத்தில் 27உம் மேல் மூலையில் 18உம் வந்தால் சாதாரண வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், சக்தியில் எட்டு மடங்கு. இதே சோதனையைக் குறைந்தது நான்கைந்து பெட்டியில் செய்யுங்கள், உள்ளே அடுக்குவது ஆளுக்கு ஆள் மாறும்.

வாடிக்கையாளர் சொன்ன இடமும் நீங்கள் கண்டுபிடித்த நல்ல இடமும் ஒன்றாக இல்லாவிட்டால், அந்த ஒன்பது எண்களையும் படம் எடுத்து அனுப்பி விதிவிலக்குக் கேளுங்கள். எண்ணைப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள், "எங்களுக்கு அங்கே ஒட்டினால் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் இறங்க மாட்டார்கள்.

சாக்குக்கு, அலுமினிய அடுக்கைத் தொடாமல் வாய்த் தையலோடு வெளியே தொங்கும் அட்டை டேக் நல்ல வழி. தகரத்துக்கு வெளிப் பெட்டியில் டேக் ஒட்டுவதே சிக்கனம். ஒவ்வொரு தகரத்திலும் வேண்டும் என்று அடம்பிடித்தால் உலோகத்துக்கென்று செய்த தடித்த டேக் இருக்கிறது, ஆனால் சாதாரண டேக்கைவிட விலை பல மடங்கு. அந்தச் செலவை விலைப்பட்டியலில் தனி வரியாகக் காட்டுங்கள்.

அப்புறம் பலட். அலுமினிய உறை நிறைந்த பெட்டிகளை மூன்று வரிசையாக அடுக்கினால் நடு வரிசை டேக்குகள் எந்த வாசல் ரீடருக்கும் கேட்காது. எத்தனை அன்டெனா போட்டாலும் அதே கதிதான். அப்படிப்பட்ட பொருளுக்கு, அடுக்கும்போதே ஒவ்வொரு பெட்டியாக வாசித்து, "இந்தப் பலட்டுக்குள் இந்த இலக்கங்கள்" என்று எஸ்எஸ்சிசியோடு கட்டிவிடுவதே ஒரே வழி. வாடிக்கையாளரின் பக்கத்திலும் பலட்டை உடைக்குமுன் முழு வாசிப்பை எதிர்பார்க்கக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள்.

நம் ஊர் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்மேல் பருவ மழையில் தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் காட்போர்ட் பெட்டி இரண்டு நாள் கிடந்தாலே தொய்ந்து போகும். ஈரம் குடித்த அட்டை அலையையும் குடிக்கும். சோதனையில் ஒரு பெட்டியாவது அப்படி நனைச்சல் பட்டதாக இருக்கட்டும்.

படி 4: வெளியில் அடிப்பதா, நாமே அடிப்பதா

மாதம் ஓரிரு கொள்கலன் மட்டும் போகிறது, ஒரே வாடிக்கையாளர் மட்டும் கேட்கிறார் என்றால், இலக்கம் எழுதிய லேபிள்களை வெளியே அச்சடித்து வாங்கி ஒட்டுங்கள். ஆயிரக்கணக்கான டொலர் போட்டு பிரின்டர் வாங்க அவசரப்பட வேண்டாம். வாசிக்கும் கருவி மட்டும் உங்களிடம் கட்டாயம் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாமல் ஒட்டி அனுப்புவது, எடை பார்க்காமல் தேயிலைக்குக் காசு வாங்குவது போல.

இரண்டாவது வாடிக்கையாளரும் கேட்கத் தொடங்கினால், அல்லது ஓடர் கடைசி நேரத்தில் மாறுவது வழக்கம் என்றால், சொந்தப் பிரின்டர் பணத்தை மீட்டுத் தரும். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ஆள் அனுப்பி 200 லேபிள் எடுத்து வரும் செலவை ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

கருவி வாங்கும்போது ஒரு விஷயம். அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவில் 865 முதல் 868 மெகாஹேர்ட்ஸ் பக்கம், அமெரிக்காவில் 902 முதல் 928. டேக் 860 முதல் 960 வரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும்படி செய்யப்பட்டது, ஆகவே இங்கே ஒட்டியது அங்கே வாசிக்கப்படும். ரீடர் அப்படியில்லை. இலங்கையில் பாவிக்க இலங்கைக்குரிய அமைப்பில் இருக்க வேண்டும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். துபாயிலிருந்து வரும் உறவினரிடம் கையில் கொண்டுவரச் சொல்லி வாங்கும் ரீடர் சுங்கத்திலேயே சிக்கலாம். விற்பவரிடம் அனுமதிப் பத்திரத்தின் பிரதி கேளுங்கள். "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

யூபிஎஸ் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். அச்சடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், கடைசி இலக்கம் எழுதப்பட்டதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

படி 5: அச்சடிப்பதும் ஒட்டுவதும்

புதிய ரோல் போட்டதும் அளவீட்டுச் சரிசெய்தலை ஒருமுறை ஓட்டுங்கள். சிப் இருக்கும் இடம் மாதிரிக்கு மாதிரி வேறுபடும், பிரின்டர் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் ஒழுங்காக எழுதும். சிப் இருக்கும் மேட்டின்மேல் பார்கோட் விழாதபடி லேபிளை வடிவமையுங்கள், அந்த மேட்டில் மை பிடிக்காது. ஆர்எஃப்ஐடி இருந்தாலும் பார்கோட்டும் கண்ணால் வாசிக்கும் இலக்கமும் லேபிளில் இருக்கத்தான் வேண்டும். சிப் செத்தால் அதுதான் துணை.

எழுத முடியாத லேபிளில் பிரின்டர் தானாகவே "செல்லாது" என்று பெரிய எழுத்தில் அடித்துத் தள்ளும். அதைக் கிழித்துக் குப்பையில் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். ஒரு ஏ4 தாளில் அன்றைய திகதி எழுதி, கெட்ட லேபிள்களை அதில் ஒட்டிக்கொண்டே வரட்டும். மாலையில் எண்ணுங்கள்: ஒட்டியது, கெட்டது, மீதி மூன்றும் சேர்ந்தால் காலையில் இருந்த எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் ஒரு லேபிள் எங்கேயோ தவறான பெட்டியில் ஒட்டியிருக்கிறது. கெட்டவை திடீரென்று கூடினால் ரோல் பழுது அல்லது சரிசெய்தல் விலகியிருக்கிறது, அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும்.

ஒட்டிய லேபிள் கிழிந்தால் அதே இலக்கத்தை மறுபடி அச்சடிக்க வேண்டாம். பழையதை வெட்டி அழித்து, புதிய தொடர் இலக்கம் கொடுத்து, கணினியில் பழையதை ரத்துச் செய்யுங்கள். ஒரே இலக்கத்தில் இரண்டு டேக் சுற்றுவதைவிட ஒரு இலக்கம் வீணாகப் போவது எவ்வளவோ மேல்.

நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் ஸ்டோர் எவ்வளவு குளிர் என்பது அங்கே வேலை செய்பவருக்குத் தெரியும். லேபிளின் பசைக்கு ஒரு குறைந்தபட்ச ஒட்டும் வெப்பநிலை உண்டு, தரவுத்தாளில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே ஒட்டினால் காலையில் நிற்கும், கொழும்பு வெயிலில் உரிந்து விழும். வாங்கும்போதே குளிருக்கான பசை கேளுங்கள். ரோல்களை மூடிய பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பக்கெட்டோடு வையுங்கள். ஒட்டும்போது சிப்மேல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க வேண்டாம், ஓரங்களை மட்டும் அழுத்தினால் போதும்.

சிப்பை நிரந்தரமாகப் பூட்டச் சொன்னால், மாதிரி அனுப்புகை ஏற்றுக்கொள்ளப்படும் வரை அதைச் செய்ய வேண்டாம் என்று வாடிக்கையாளரிடமே பேசிக்கொள்ளுங்கள். பூட்டிய பிறகு திருத்த வழியே கிடையாது.

படி 6: பெட்டியையும் இலக்கத்தையும் கட்டும் இடம்

லேபிள் ஒட்டுவது பெட்டி மூடிய உடனே, அதே மேசையில் நடக்க வேண்டும். மொத்தமாக அச்சடித்து வைத்துவிட்டுப் பிறகு வரிசையாக ஒட்டினால், நடுவில் ஒரு பெட்டி தப்பினாலும் அதன் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக விலகிப் போகும்.

ஒட்டியதும் அங்கேயே ஒரு வாசிப்பு. சக்தியை நன்றாகக் குறைத்து, அந்தப் பெட்டி மட்டும் கேட்கும் அளவில் வையுங்கள். அதிகச் சக்தியில் வைத்தால் பக்கத்து மேசைப் பெட்டியும் பதில் சொல்லி, இல்லாத பெட்டியை இருப்பதாகக் காட்டும். பயிற்சியில் அடிக்கடி சொல்ல வேண்டிய வசனம்: "அக்கா, பீப் சத்தத்தை நம்பாதீங்க, ஸ்கிரீன்ல இந்தப் பெட்டி நம்பர் பச்சையா வந்துச்சான்னு பாருங்க." திரையில் வரும் வாசகம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். பச்சை, சிவப்பு என்ற நிறமும் பெரிய எழுத்தில் கடைசி நான்கு இலக்கமும் போதும், அதற்கு மேல் திரையில் எதையும் நிரப்ப வேண்டாம்.

வாசிக்காத பெட்டிக்குத் தனி மூலை. மேற்பார்வையாளர் கையால் லேபிள் மாற்றும் வரை அது அங்கேயிருந்து நகரக் கூடாது.

படி 7: லொறி ஏற்றும்போது

வாசல் ரீடர் இருந்தால் நல்லது, ஆனால் ஆரம்பத்தில் கையடக்க ரீடரே போதும். இங்கே வரும் தலைவலி, வாசிக்க வேண்டாததையும் வாசிப்பது. வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் அடுத்த ஓடர்ப் பலட்டும் இந்த லொறியில் ஏறியதாகப் பதிவாகிவிடும். வாசலைச் சுற்றி மூன்று நான்கு மீற்றருக்கு மஞ்சள் கோடு போட்டு அதற்குள் வேறு சரக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வையுங்கள். அன்டெனாவை வாசலுக்கு வெளியே பார்க்கவிடாமல் உள்பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். ஏற்றுமதிப் பட்டியலில் இல்லாத இலக்கம் வந்தால் மென்பொருள் அதைத் தனியாகக் காட்ட வேண்டும், சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஏப்ரல், ஒக்டோபர் இடி மின்னல் காலத்தில் வாசல் அன்டெனாவுக்குப் போகும் கேபிளுக்கு மின்னல் பாதுகாப்பு இருக்கட்டும்.

பெரிய கொள்கலன் எல்லாத் தோட்டப் பாதைக்கும் ஏறாது. சின்ன லொறியில் இறக்கி, கொழும்பில் கொள்கலனுக்கு மாற்றுபவர்கள் அங்கேயும் ஒரு வாசிப்பு வைக்க வேண்டும். கினிகத்தேனை வளைவுகளிலும் கடுகண்ணாவையிலும் பெட்டிக்குப் பெட்டி உரசி லேபிள் கிழிவது நடக்கிற விஷயம்தான். மாற்று லேபிள் கொஞ்சம், வெறும் இலக்கத்தோடு, லொறியில் போகும் ஆளிடம் கொடுத்து அனுப்பும் யோசனை பலருக்கு வரும். வேண்டாம். கிழிந்த பெட்டியின் இலக்கத்தைச் சொல்லச் சொல்லுங்கள், பட்டியலிலிருந்து அதை நீக்குவதா, பார்கோட்டோடு மட்டும் அனுப்புவதா என்பதை அலுவலகத்தில் தீர்மானியுங்கள்.

படி 8: முன்னறிவித்தல்

சரக்கு போய்ச் சேருமுன் போகும் மின் தகவலை ஏஎஸ்என் என்பார்கள். அமெரிக்க வாடிக்கையாளர் பெரும்பாலும் 856 என்ற வடிவில் கேட்பார், ஐரோப்பியர் டெஸ்அட்வ் என்பார்கள். சிறிய ஸ்டோர் இதைச் சொந்தமாக அமைக்கத் தேவையில்லை, வாடிக்கையாளரின் இணையப் படிவத்தில் கோப்பாக ஏற்ற வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: ஏஎஸ்என், கடைசியாக ஏற்றிய இடத்து வாசிப்பிலிருந்து உருவாக வேண்டும். பெக்கிங் லிஸ்டிலிருந்து உருவாக்கினால், இடம் போதாமல் நான்கு பெட்டி கீழே நின்ற அன்று தகவலும் சரக்கும் பிரிந்துவிடும். மண்சரிவில் பாதை மூடி, ஒரு லொறி மட்டும் போய் மற்றது நின்றால், இரண்டையும் ஒரே ஏஎஸ்என்னில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். போனதற்கு ஒன்று, நின்றதற்குப் பிறகு ஒன்று. அப்படிப் பிரிக்கலாமா என்பதை முதல் படியிலேயே கேட்டு வைத்திருந்தால் அந்த இரவில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

படி 9: மாதிரி அனுப்புகையும் டெபிட் நோட்டும்

முழு ஓடருக்கு முன் சில பெட்டிகளை விமானத்திலோ கூரியரிலோ அனுப்பி, அவர்கள் ரீடரில் வாசித்த இலக்கப் பட்டியலைக் கோப்பாகத் திருப்பி வாங்குங்கள். "பாஸ்" என்ற சொல் மட்டும் போதாது. பட்டியலை உங்கள் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

பிறகு என்றாவது ஒரு நாள் டெபிட் நோட்டில் பணக் கழிவு வரும்: "37 பெட்டிகளின் டேக் வாசிக்கவில்லை." உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். அந்த 37 இலக்கங்களையும் கேளுங்கள். உங்கள் வாசல் பதிவிலேயே அவை இல்லை என்றால் தவறு இங்கே. வாசலில் வாசிக்கப்பட்டு அங்கே வாசிக்கப்படவில்லை என்றால், வழியில் சேதமானதா, அவர்கள் பலட்டை உடைக்காமல் வாசித்தார்களா என்று கேட்டு, நான்கைந்து பெட்டியைத் தனியாக எடுத்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே வாசிக்கப்பட்டும் ஏஎஸ்என்னில் இல்லை என்றால் டேக் நன்றாகவே இருக்கிறது, தகவல்தான் பிழை, திருத்திய கோப்பை அனுப்பிக் கழிவைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

வாசல் பதிவுகளை, வாடிக்கையாளர் கழிவு போடக்கூடிய கால எல்லை முடியும் வரை அழிக்காதீர்கள். பதிவை ஆதாரமாக அனுப்பும்போது நேரத்தைப் பாருங்கள். ரீடர்கள் பல, சர்வதேச நேரத்தில் பதிவு செய்யும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். 12ஆம் திகதி அதிகாலை 3 மணிக்கு ஏற்றியது பதிவில் 11ஆம் திகதி இரவு 9.30 என்று நிற்கும். லொறி வாயிற்சீட்டில் 12 என்றும் கோப்பில் 11 என்றும் இருந்தால் முழு ஆதாரத்தையும் சந்தேகிப்பார்கள். எந்த நேரக் கணக்கு என்று கோப்பின் முதல் வரியிலேயே எழுதி அனுப்புங்கள்.